எடையைக் குறைத்தாயிற்று, இனி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடையைக் குறைப்பது எப்படி என்று கேட்டவர்களைவிட, குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டவர்களே இம்முறை அதிகம். நல்ல கேள்வி. டயட் சார்ட் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசி மாதத்தோடு கைகழுவிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன சாப்பிடுவது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இங்கே உள்ள அளவுகளை அப்படியே பின்பற்றக் கூடாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 42, உயரம் 158 செ.மீ. எட்டு மாதத்தில் 78 கிலோவிலிருந்து 66-க்கு வந்தேன். சார்ட்டில் 1,200 கலோரி போட்டிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய இரண்டே மாதத்தில் 68.5 ஆகிவிட்டது. ஆயுசு முழுக்க 1,200 தானா?
வாசகி, மதுரை

இல்லை. ஆனால் 78 கிலோவில் சாப்பிட்ட அளவுக்கும் இனி திரும்ப முடியாது. உங்கள் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இப்போதைய வேலை.

முதலில் அந்த 2.5 கிலோவைப் பார்ப்போம். அது முழுக்கக் கொழுப்பு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். சோறு குறைவாகச் சாப்பிட்ட காலத்தில் ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இருப்பு வற்றியிருக்கும். சோறு திரும்பியதும் அது நிரம்பும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் பத்து நாளில் ஏறிய ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். மிச்சம்தான் உண்மையான ஏற்றம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் 1990-இல் வந்தது. பெண்களுக்கு: எடை கிலோவில் பெருக்கல் 10, உயரம் செ.மீ.யில் பெருக்கல் 6.25, இரண்டையும் கூட்டி, வயதின் 5 மடங்கையும் மேலும் 161-ஐயும் கழிக்க வேண்டும். (ஆண்களுக்கு 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5-ஐக் கூட்டுங்கள்.) உங்களுக்கு 66 கிலோவில் 660 + 987.5 − 210 − 161. அதாவது சுமார் 1,276. சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு இது. வீட்டு வேலை, கொஞ்சம் நடை உள்ளவர்களுக்கு 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1,790. இதே கணக்கை 78 கிலோவுக்குப் போட்டால் 1,955 வரும். ஆக, எடை குறைந்ததாலேயே உங்கள் தினச் செலவு 165 கலோரி போல இறங்கிவிட்டது. நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்ட உடல், சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாகவும் சிக்கனம் பிடிக்கும். அதனால் 1,790-ஐ அப்படியே நம்பி ஆரம்பிக்காதீர்கள். சூத்திரம் 10 சதவீதம் முன்பின் தவறுவது சாதாரணம்.

1,400-இல் ஆரம்பியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 கலோரி ஏற்றுங்கள். அந்த 100 எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம்: இரண்டு வாரம் ஒரு முட்டையும் கொஞ்சம் சுண்டலும், அடுத்த இரண்டு வாரம் அரைக் கரண்டி சோறு என்று உணவாகவே ஏற்றுங்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்காமல், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். அன்றாட எண்ணைப் பார்த்துக் கலங்காமல், ஏழு நாள் சராசரியை மட்டும் குறித்து வையுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட நீராலேயே ஏறும். ஆகவே இந்த மாதச் சுழற்சியின் முதல் வாரத்தைப் போன மாதத்தின் முதல் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். சராசரி நான்கு வாரம் அரைக் கிலோவுக்குள் நின்றால், அந்த வாரங்களில் சாப்பிட்ட அளவுதான் உங்கள் எண். அது 1,650 ஆகவும் இருக்கலாம், 1,800 ஆகவும் இருக்கலாம்.

பசி பற்றியும் சொல்லிவிட வேண்டும். எடை குறைந்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று மெல்போர்னில் நடந்த ஆய்வு 2011-இல் காட்டியது. முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறதே, நமக்கு வாய்க்கட்டு இல்லையோ என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். உடல் இழந்ததைக் கேட்கிறது. அதைப் பட்டினியால் அடக்க முடியாது. புரதத்தாலும் நார்ச்சத்தாலும்தான் ஓரளவு சமாதானப்படுத்த முடியும்.

கேள்வி: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எந்த விகிதத்தில் இருக்க வேண்டும்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் சைவம், முட்டையும் கிடையாது. எடை 72 கிலோ. 2,100 கலோரியில் எடை நிலையாக நிற்கிறது.
வாசகர், திருப்பூர்

எடை நிற்பதற்கு எது சிறந்த விகிதம் என்ற சண்டையில் இறங்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம் ஊர்ப் பிரச்சினை வேறு. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) INDIAB ஆய்வு. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. புரதம்தான் இடம் கிடைக்காமல் நிற்கிறது.

அதனால் சதவீதத்திலிருந்து தொடங்காமல் புரதத்தின் கிராமிலிருந்து தொடங்குங்கள். ஆரோக்கியமானவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது இந்தியப் பரிந்துரை. எடையைக் குறைத்துத் தக்கவைக்க முயல்பவருக்கு 1 முதல் 1.2 கிராம் வைத்துக்கொள்வது நல்லது. தசை கரையாது, பசியும் தள்ளிப்போகும். போதாததற்கு, புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடும்.

உங்களுக்கு 80 கிராம் என்று வைப்போம். கிராமுக்கு 4 வீதம் 320 கலோரி. கொழுப்பு 65 கிராம், கிராமுக்கு 9 வீதம் 585. இரண்டையும் 2,100-இலிருந்து கழித்தால் மிச்சம் 1,195. அதை 4-ஆல் வகுத்தால் சுமார் 300 கிராம் மாவுச்சத்து. விகிதமாகச் சொன்னால் புரதம் 15, கொழுப்பு 28, மாவுச்சத்து 57 சதவீதம். சோற்றைக் கைவிடவே இல்லை பாருங்கள்.

சமையலறையில் இது எப்படி இருக்கும்? ஒரு நாளைக்கு உங்கள் பங்குக்கு மட்டும், எல்லாம் சமைக்காத எடையில்: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 210 கிராம் (புரதம் 17). துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, இட்லி மாவில் போகும் உளுந்து எல்லாம் சேர்த்து 75 கிராம் (16). சுண்டலுக்குக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ 40 கிராம் (8). பாலும் தயிருமாக அரை லிட்டர் (15). வேர்க்கடலை 25 கிராம் (6). மீல் மேக்கர் 20 கிராம் (10), அது பிடிக்காவிட்டால் பனீர் 60 கிராம். காய்கறி 400 கிராம் (7). இதோடு எண்ணெய் 25 கிராம், கொஞ்சம் தேங்காய்த் துருவல், ஒரு பழம், இரண்டு காபிக்குச் சர்க்கரை. கூட்டிப் பாருங்கள், புரதம் 79 கிராம், கலோரி 2,100-ஐ ஒட்டி நிற்கும்.

தவறு நடக்கும் இடம் எப்போதும் சாம்பார்தான். “தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே” என்பார்கள். நாலு பேர் வீட்டில் காலைக்கும் மதியத்துக்குமாக 100 கிராம் பருப்பு வேகவைத்தால், ஒருவருக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் பருப்பு. புரதம் 3 கிராம்கூட இல்லை. மேலாகத் தெளிந்த சாம்பாரை ஊற்றிக்கொண்டால் அதுவும் இல்லை. சாம்பாரில் பருப்பைக் கூட்டுவதைவிட, கெட்டிப் பருப்போ கூட்டோ தனியாக ஒன்று வைப்பது சுலபம். புரதப் பவுடர் உங்களுக்குத் தேவையில்லை. சுண்டலை மாலை நேரத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் மிக்சர் இருந்த இடத்தில் அது உட்காரும். 100 கிராம் மிக்சர் 500 கலோரியைத் தாண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாமல் எந்தக் கறியும் இல்லை. எண்ணெயும் தேங்காயும் எவ்வளவு போகலாம்? சமைக்கும்போது ஸ்பூனால் அளப்பதெல்லாம் நடக்கிற காரியமா?
வாசகி, நாகர்கோவில்

நடக்காது. தாளிக்கும் அவசரத்தில் யாரும் ஸ்பூன் தேடுவதில்லை. மாதக் கணக்காகப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம். (இப்போது அதைவிடக் குறைந்த அளவிலும் பாக்கெட்டுகள் வருகின்றன. பாக்கெட்டின் மேல் கிராம் எவ்வளவு என்று பாருங்கள்.) நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் மொத்தம் 4,550 கிராம். 30 நாளால் வகுத்து, 4 பேரால் வகுத்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம், அதாவது 340 கலோரி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின் மாதிரித் தட்டில், 2,000 கலோரிக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம்தான். அந்தக் கணக்கில் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். இடையில் உள்ள ஒன்றரை லிட்டர்தான் ஆளுக்குத் தினம் 100 கலோரி.

நூறு கலோரி பெரிய விஷயமா என்றால், ஆம். தினமும் கூடுதலாகச் சாப்பிடும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் உடல் எடை நாளடைவில் ஒரு கிலோ ஏறி நிற்கும் என்பது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011-இல் தந்த கணக்கு. அதில் பாதி முதல் வருடத்தில் ஏறும், மிச்சத்தில் பெரும்பகுதி மூன்று வருடத்துக்குள். ஆக, 100 கலோரிக்கு 4 கிலோ. “ஒன்றுமே மாற்றவில்லை, எடை மட்டும் ஏறுது” என்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் எண்ணெய் பாக்கெட்தான் மாறியிருக்கும்.

மாதம் பிறந்ததும் வாங்கிய எண்ணெயை ஒரே இடத்தில் வையுங்கள். 15-ஆம் தேதி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் போதும். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். ஊற்றும் பாத்திரத்தை மாற்றுவதும் உதவும்: அகல வாய்த் தூக்கிலிருந்து சாய்த்து ஊற்றும்போது கை நிற்காது, மூக்கு சிறுத்த எண்ணெய்க் குப்பியில் நிற்கும். தோசைக்குச் சுற்றிலும் விடும் ஒரு டீஸ்பூன் 40 கலோரி. மூன்று தோசைக்கு 120.

தேங்காயை விடச் சொல்ல மாட்டோம். அவியலையும் தீயலையும் தேங்காய் இல்லாமல் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். ஆனால் அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், கொழுப்புக் கணக்கில் எழுதுங்கள். 100 கிராம் துருவலில் 350 முதல் 400 கலோரி, பெரும்பாலும் கொழுப்பு. நாலு பேருக்குத் தினம் ஒரு நடுத்தரத் தேங்காய் என்றால் ஆளுக்கு 50 கிராம், சுமார் 180 கலோரி. அரைத் தேங்காயாக்கினால் பாதி. தேங்காய் போட்ட கறி இருக்கும் வேளையில் பொரித்த மீனுக்குப் பதில் மீன் குழம்பு வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் வேண்டும் என்றால் எண்ணெயில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: சோறை விட்டுவிட்டுச் சாமை, வரகு, ராத்திரி சப்பாத்தி என்று மாறி ஆறு மாதம் ஆகிறது. எடையில் ஒரு மாற்றமும் இல்லையே?
வாசகர், விழுப்புரம்

இருக்காது. சமைக்காத 100 கிராம் அரிசி, சாமை, வரகு, கோதுமை மாவு எல்லாமே சுற்றிச் சுற்றி 320 முதல் 350 கலோரிக்குள்தான். சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், தினையில் புரதமும் கூடுதல். சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் அளவு அதே அளவாக இருந்தால் எடையும் அதே எடைதான். சப்பாத்தி குறைவாகத் தெரியக் காரணம் எண்ணிச் சாப்பிடுகிறோம் என்பது. எண்ணெய் தடவிச் சுட்டு, தேங்காய் அரைத்த குருமாவில் தொட்டால் அந்த லாபமும் போய்விடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதே பதில்தான்: வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை.

கேள்வி: ஒவ்வொன்றையும் தராசில் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமா? மொபைல் ஆப்பில் “ஒரு கப் சாதம்” என்று போடுகிறேன். சரிதானே?
வாசகி, கோவை

எந்தக் கப்? ஆப்பில் இருப்பது யாரோ ஒருவரின் கப். உங்கள் வீட்டுக் கரண்டிக்கு அது தெரியாது.

ஆயுசு முழுக்க எடை போட வேண்டியதில்லை. இரண்டு வாரம் போடுங்கள், கண் பழகிவிடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் சரிபாருங்கள், ஏனென்றால் கரண்டி மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கிராம் துல்லியமுள்ள சாதாரணக் கிச்சன் தராசு போதும்.

சோற்றை அளக்கும் முறை இது. குக்கர் உள்பாத்திரத்தைக் காலியாக எடை போட்டு, அதன் அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். 620 கிராம் என்று வைப்போம். 300 கிராம் அரிசி போட்டு வேகவைக்கிறீர்கள். வெந்தபின் பாத்திரத்தோடு 1,460 கிராம் என்றால் சோறு 840 கிராம். அரிசி 2.8 மடங்காகியிருக்கிறது. உங்கள் தட்டில் விழும் சோறு 250 கிராம் என்றால் அதை 2.8-ஆல் வகுங்கள்: 89 கிராம் அரிசி, சுமார் 310 கலோரி. குழைய வடித்தால் மடங்கு கூடும், உதிரியாக வடித்தால் குறையும். அதனால்தான் “ஒரு கப் சாதம்” என்பதில் அர்த்தமில்லை. உங்கள் வீட்டு அரிசிக்கு இந்த மடங்கை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அரிசி பிராண்ட் மாறும்வரை அதுவே போதும்.

கூட்டு, குழம்புக்கும் இதே வழிதான். போடும் பொருள்களைச் சமைக்காத எடையில் குறித்துக்கொண்டு, மொத்தக் கலோரியை வெந்த எடையால் வகுத்துவிடுங்கள். பாலுக்குப் பாக்கெட் நிறமே சொல்லிவிடும். ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. நீலத்தில் 100 மில்லிக்கு 60 கலோரி போல, ஆரஞ்சில் 90-ஐ ஒட்டி. தினம் அரை லிட்டர் புழங்குபவருக்கு இந்த நிற மாற்றம் மட்டுமே 150 கலோரி. புரதம் அநேகமாக அதேதான்.

கேள்வி: திங்கள் முதல் வெள்ளிவரை கண்ணும் கருத்துமாக இருக்கிறேன். சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் தாராளம். எடை இறங்காவிட்டாலும் பரவாயில்லை, ஏறுகிறதே?
வாசகர், சென்னை

ஐந்து நாளும் 200 கலோரி மிச்சம் பிடித்தால் 1,000. சனிக்கிழமை மாலை பஜ்ஜி, இரவு பரோட்டா என்று தேவைக்கு மேல் 700. ஞாயிறு பிரியாணி, அதோடு வந்த பொரியல் வகையறா, மாலை இனிப்பு என்று 900. போட்டது 1,600, எடுத்தது 1,000. வாரத்துக்கு 600 கூடுதல், நாளுக்கு 85. மேலே சொன்ன 24 கலோரிக் கணக்கில் மூன்றரைக் கிலோ.

மருந்து சனி, ஞாயிறில் மட்டும் இல்லை. வார நாட்களில் இறுக்கிப் பிடிப்பதால்தான் வார இறுதியில் கட்டு அவிழ்கிறது. அந்த 200-ஐ வார நாளில் மிச்சம் பிடிக்காமல் வயிறாரச் சாப்பிடுங்கள், தாராளத்தை ஒரு வேளையோடு நிறுத்துங்கள். பிரியாணி வேண்டும் என்றால் பிரியாணி மட்டும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள், இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். காலி வயிற்றோடு போனவர் பாதியில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. கல்யாணப் பந்தியில் கூட்டு, பொரியல், பருப்புக்குப் பிறகு சோறு, இரண்டாவது முறை சோறு வரும்போது இலையின் மேல் கை. பாயசமா ஜாங்கிரியா, ஒன்று.

மதுவில் கிராமுக்கு 7 கலோரி என்பதையும் கணக்கில் வையுங்கள். கூடவே வரும் சைட் டிஷ்தான் அதைவிட மோசம்.

கேள்வி: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எடை அசையவில்லை. நடப்பதை விட்டுவிடலாமா?
வாசகர், சேலம்

விடாதீர்கள். ஆனால் அதனிடம் எதிர்பார்ப்பதை மாற்றிக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவு சுமார் 245 கலோரி. அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 70 போயிருக்கும். நிகர லாபம் 175. நடை முடிந்து நண்பர்களோடு ஒரு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி என்றால் அது தீர்ந்து மேலும் கொஞ்சம் கடன். கையில் கட்டும் வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிட்டாலும் இதே கதிதான்.

குறைப்பதற்கு நடை பலவீனமான கருவி, தக்கவைப்பதற்குப் பலமான கருவி. அமெரிக்காவில் 1994 முதல், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்களைப் பதிவு செய்யும் ஏடு ஒன்று இருக்கிறது. அவர்களில் 90 சதவீதம் பேர் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். உங்கள் நடை உங்களைச் சரியான கூட்டத்தில்தான் வைத்திருக்கிறது.

வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சியையும் சேருங்கள்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்து புஷ்-அப், தண்ணீர்க் கேன் தூக்குவது. 10 முறை வீதம் மூன்று சுற்று. ‘தசை வளர்த்தால் தூங்கும்போதும் கலோரி எரியும்’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது தினம் செலவழிப்பது 13 கலோரி போலத்தான். பயிற்சி எதற்கு என்றால், குறையும் எடை தசையாகக் குறையாமல் இருக்க.

கேள்வி: 53 வயது. மாதவிலக்கு நின்றபின் மெட்டபாலிசம் படுத்துவிட்டது என்கிறார்கள். எடை அதேதான், வயிறு மட்டும் பெருக்கிறது.
வாசகி, திருச்சி

29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்து 2021-இல் வெளியான ஆய்வில், உடல் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால் 20 வயது முதல் 60 வயதுவரை கலோரிச் செலவு கிட்டத்தட்ட மாறவில்லை. 60-க்குப் பிறகுதான் மெதுவாக இறங்குகிறது. படுத்தது மெட்டபாலிசம் இல்லை. தசை குறைகிறது, நடமாட்டம் குறைகிறது, ஹார்மோன் மாற்றத்தால் கொழுப்பு இடுப்பைவிட்டு வயிற்றுக்கு இடம்பெயர்கிறது.

உங்களுக்குத் தராசைவிட அளவு நாடாதான் பயன்படும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். புடவைக் கட்டின் மேல் அளந்தால் எண் தப்பு. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. மாதம் ஒருமுறை போதும். சாப்பாட்டில், காலை இட்லி நாலு என்பதை மூன்றாக்கி, ஒரு முட்டையோ கெட்டிப் பயறுக் கடைசலோ சேருங்கள். எடைப் பயிற்சி பற்றி மேலே சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: வாரம் ஒருமுறை போடும் ஊசியில் 11 கிலோ குறைந்தது. விலை கட்டுப்படியாகவில்லை, நிறுத்த நினைக்கிறேன். திரும்ப ஏறிவிடுமா?
வாசகர், ஈரோடு

ஏறும் வாய்ப்பு அதிகம். செமாகுளூடைட் என்ற இவ்வகை ஊசி மருந்து பற்றிய ஆய்வில், ஊசியை நிறுத்தி ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்து பசியை அடக்கி வைத்திருந்தது, போனதும் பசி தன் இடத்துக்கு வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, வேறு வழியா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரைக்காகப் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம்.

நிறுத்துவதற்கு முன்பே தயாராகுங்கள். பசி இல்லாத இந்த மாதங்களில் பலர் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர் என்று நாளை ஓட்டுகிறார்கள். அப்போது குறைவதில் தசையும் கணிசமாகப் போகும். ஒவ்வொரு வேளையும் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில் சோறு என்ற வரிசையை இப்போதே பழகுங்கள். எடைப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். நிறுத்திய முதல் ஆறு மாதம் வாரச் சராசரி எடையை விடாமல் குறித்து வையுங்கள்.

கேள்வி: எடை எவ்வளவு ஏறினால் உஷாராக வேண்டும்? அதற்காகத் தினமும் பயந்துகொண்டிருக்க முடியாதே.
வாசகி, தஞ்சாவூர்

வாரச் சராசரி உங்கள் நிலை எடையைவிட 2 கிலோ மேலே போய், இரண்டு வாரம் அங்கேயே நின்றால். அதற்குக் குறைவான ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டாலே மறுநாள் அரைக் கிலோ காட்டும்.

எல்லையைத் தாண்டினால் பட்டினி கிடக்க வேண்டாம். இந்த வரிசையில் பாருங்கள்: எண்ணெய் மாதக் கணக்கு கூடியிருக்கிறதா? மாலை நேரப் பொட்டலங்கள் திரும்ப வந்துவிட்டனவா? காபி, டீ எண்ணிக்கையும் சர்க்கரையும் ஏறியிருக்கிறதா? (இரண்டு ஸ்பூன் வீதம் மூன்று காபி என்றால் அதுவே 120 கலோரி.) மூன்று நாள் சோற்றை எடை போட்டுப் பாருங்கள், கரண்டி வளர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று மாட்டும். மாட்டியதைச் சரிசெய்து, தினம் 200 முதல் 300 கலோரி குறைவாக ஆறு முதல் எட்டு வாரம். புரதத்தில் கை வைக்காமல் எண்ணெயிலும் சோற்றிலும் குறையுங்கள். சராசரி பழைய இடத்துக்கு வந்ததும் உங்கள் எண்ணுக்கே திரும்பிவிடுங்கள், குறைவான அளவிலேயே தொங்கிக்கொண்டிருக்காதீர்கள். நாலும் சரியாக இருந்தும் எடை ஏறினால், சோர்வு, முடி உதிர்தல், கால் வீக்கம் ஏதாவது கூடவே இருந்தால், தைராய்டு பரிசோதனைக்குப் போங்கள். புதிதாக ஸ்டீராய்டோ மனநல மருந்தோ தொடங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.